புராஸ்டேட் புற்றுநோய்: உணவும் பழக்கவழக்கமும்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருப்பது புராஸ்டேட் சுரப்பி. விந்துநீரின் ஒரு பகுதி இங்கேதான் சுரக்கிறது. உலக அளவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில், நுரையீரலுக்கு அடுத்தபடி இந்தச் சுரப்பியில் வருவதே அதிகம். 2022-இல் சுமார் 14.7 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் இதனால் இறந்தனர்.

வயதையும் மரபையும் யாராலும் மாற்ற முடியாது. தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்நோய் இருந்தால், ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆனால் ஜப்பானில் அரிதாக இருந்த இந்நோய், அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரிடம் கூடுதலாகக் காணப்பட்டது. பரம்பரை மாறவில்லை, வாழ்ந்த இடம்தான் மாறியது. ஆய்வாளர்களின் கவனம் உணவின் பக்கம் திரும்ப இதுவும் ஒரு காரணம்.

முதலில் பேர் வாங்கியது தக்காளி. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1986-இல் பல் மருத்துவர், மருந்தாளுநர் உள்ளிட்ட 51,529 ஆண்களைப் பின்தொடரத் தொடங்கினர். தக்காளி சேர்ந்த உணவுகளை வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் ஆபத்து சுமார் 35 விழுக்காடு குறைவு என்று 1995-இல் அறிவித்தனர். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் என்ற பொருளே இதற்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. பச்சையாகத் தின்பதைவிட வதக்கிச் சாப்பிடும்போது லைக்கோபீன் உடலில் நன்றாகச் சேரும். சூட்டில் தக்காளியின் செல் சுவர்கள் உடைகின்றன. வெளிப்படும் லைக்கோபீன் எண்ணெயில் கரைகிறது. வாணலி ஓரத்தில் எண்ணெய் சிவந்து பிரிவதில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் பிந்தைய ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. தக்காளி காக்கக்கூடும் என்று 2007-இல் சொன்ன உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், சான்று போதாது என்று 2014-இல் அந்த மதிப்பீட்டை விலக்கிக்கொண்டது. தக்காளி நல்ல உணவுதான். அதை மருந்தாக நம்ப இடமில்லை.

மாத்திரைகளின் கதை இன்னும் கடுமையானது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 32 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த நம்பிக்கையில் 2001-இல் வட அமெரிக்காவில் ‘செலக்ட்’ என்ற பெரிய சோதனை தொடங்கியது. 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பிரித்து, வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாது, இரண்டும் சேர்த்து, அல்லது மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று தினமும் கொடுத்தனர். பலன் ஏதும் தெரியாததால் 2008-இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. 2011-இல் வெளிவந்த கணக்கு அதிர்ச்சி தந்தது: வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் நோய் 17 விழுக்காடு கூடியிருந்தது.

உறுதியான சான்று இருப்பது உடல் எடை விஷயத்தில். உடல் பருமன் உள்ளவர்களுக்கு, முற்றிய நிலைப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. புகைப்பழக்கம் இன்னொரு எதிரி. நோய் கண்டறியப்பட்டவர்களில், புகைப்பவர்கள் இந்நோயாலேயே இறக்கும் ஆபத்து புகைக்காதவர்களைவிட அதிகம் என்று 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

உடற்பயிற்சி நோயாளிகளுக்கும் துணை நிற்கிறது. நோய் பரவாத நிலையில் இருந்த 1,455 பேரிடம் நடந்த ஆய்வில், வாரத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ வேகநடை நடந்தவர்களிடம் நோய் முற்றுவது, மெதுவாகவும் குறைவாகவும் நடந்தவர்களைவிட 57 விழுக்காடு குறைவாக இருந்தது. நடையை நேரடிக் காரணமாக நிறுவ இத்தகைய ஆய்வு மட்டும் போதாது. ஆனாலும் இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் உறுதியாக நன்மை தரும் பழக்கம் இது.

இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. எனவே 50 வயதைத் தொட்ட ஆண்களும், குடும்பத்தில் இந்நோய் இருந்தால் 45 வயதைத் தொட்டவர்களும், இந்நோயைக் கண்டறிய உதவும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையின் நன்மை தீமைகளை மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும். புற்றுநோயைத் தடுக்கும் என்ற விளம்பரத்தை நம்பி வைட்டமின் மாத்திரை வாங்குவதைத் தவிர்த்து, எடையைக் கட்டுக்குள் வைத்து, புகையை விட்டு, தினமும் நடக்கத் தொடங்குங்கள்.