பள்ளியைப் பூட்டிய பெற்றோர்

சிட்னியிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், ஆட்டுப் பண்ணைகள் சூழ்ந்த ஊர் கோல்பர்ன். 1962 ஜூலை 16, திங்கட்கிழமை காலையில் அவ்வூர் அரசுப் பள்ளிகளின் வாசலில் வழக்கமில்லாத கூட்டம். ஜூலை என்றால் அங்கே கடுங்குளிர். அதுவரை கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்துவந்த பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு நின்றார்கள் பெற்றோர். ஊரிலிருந்த கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பூட்டு. அவற்றில் படித்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். அரசுப் பள்ளிகளில் இடம் கிடைத்ததோ சுமார் 640 பேருக்குத்தான்.

போராட்டத்தைக் கிளப்பிவிட்டது மூன்று கழிப்பறைகள். அருட்சகோதரிகள் நடத்திவந்த ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இருக்கிற கழிப்பறை போதாது, இன்னும் மூன்று கட்டினால்தான் அங்கீகாரம் என்று நியூ சவுத் வேல்ஸ் மாநில அதிகாரிகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கேட்டது நியாயமான கோரிக்கை. குழந்தைகளுக்குக் கழிப்பறை வேண்டாம் என்று எந்தப் பெற்றோர் சொல்வார்கள்? ஆனால் கட்டச் சொல்கிற அரசு அதற்கு ஒரு பென்னிகூடத் தராது. அதுதான் அவர்களுக்கு உறைத்தது. எண்பது ஆண்டுகளாக உள்ளுக்குள் கிடந்த மனக்குறை அது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் பலவற்றில் திருச்சபைப் பள்ளிகளுக்கு அரசு உதவி கிடைத்துவந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. 1872ல் விக்டோரியா இலவச, கட்டாய, மதச்சார்பற்ற கல்விக்குச் சட்டம் இயற்றியது. நியூ சவுத் வேல்ஸில் ஹென்றி பார்க்ஸ் 1880ல் கொண்டுவந்த பொதுக்கல்விச் சட்டப்படி, 1882 முடிவோடு திருச்சபைப் பள்ளிகளுக்கான உதவி நின்றுபோனது. மற்றச் சபைகள் பெரும்பாலும் தம் தொடக்கப் பள்ளிகளைக் கைவிட்டு அரசுப் பள்ளிகளை ஏற்றுக்கொண்டன. கத்தோலிக்க ஆயர்கள் ஏற்கவில்லை. பேராயர் ரோஜர் வான் தலைமையில் 1879லேயே கூட்டுச் சுற்றுமடல் விடுத்து, பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புவதைக் கடுமையாகச் சாடியிருந்தார்கள்.

அந்த முடிவின் சுமை ஆயர்களின் தோளைவிடப் பெற்றோரின் தோளில்தான் அதிகம் இறங்கியது. அயர்லாந்திலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்களே அவர்களில் பெரும்பகுதி. வரி கட்டி அரசுப் பள்ளியை நடத்தவும் வேண்டும், காசு திரட்டித் தங்கள் பள்ளியைக் காப்பாற்றவும் வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி என்ற பெயரைக் கேட்டே வளர்ந்த தமிழ்நாட்டுக்காரருக்கு இது விளங்கச் சற்று நேரமாகும். இங்கே 1854ன் சார்லஸ் வுட் அறிக்கையிலிருந்தே தனியார் பள்ளிகளுக்கு மானியம் என்ற ஏற்பாடு வேரூன்றிவிட்டது. அதே பிரிட்டிஷ் ஆட்சியின் மற்றொரு மூலையில் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

பள்ளிகள் பிழைத்ததற்கு முதல் காரணம் கன்னியர். தெற்கு ஆஸ்திரேலியாவின் பெனோலாவில் 1866ல் ஒரு குதிரை லாயத்தைச் சீர்செய்து பள்ளி நடத்தினார் மேரி மக்கிலப். அருட்தந்தை ஜூலியன் டெனிசன் வுட்ஸும் அவரும் தொடங்கிய புனித சூசையப்பர் சபையின் சகோதரிகள், கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்கும் கற்பித்தார்கள். அந்த மேரி மக்கிலப்தான் 2010ல் ஆஸ்திரேலியாவின் முதல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அயர்லாந்திலிருந்து வந்த சபைகளும் ஊருக்கு ஊர் மடம் அமைத்துப் பள்ளி திறந்தன. கோல்பர்னுக்கு மெர்சி சகோதரிகள் 1859லேயே வந்துவிட்டார்கள். இவர்களுக்குச் சம்பளம் என்று சொல்லும்படி எதுவுமில்லை. பகலெல்லாம் வகுப்பறை, பள்ளி விட்டதும் மடத்து முன்னறையில் பியானோ வகுப்பு. கத்தோலிக்கர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வந்து கற்ற அந்தப் பியானோ வகுப்பின் கட்டணத்தில்தான் பல மடங்களில் அடுப்பெரிந்தது.

மீதியைப் பெற்றோர் பார்த்துக்கொண்டார்கள். பங்குத் தந்தை பூசை முடிந்ததும் பள்ளிக் கடனைப் பற்றிப் பேசாத ஞாயிறு குறைவு. வேலி சாய்ந்தால், கூரை ஒழுகினால், சனிக்கிழமை சிரமதானம்: தச்சர் உளியோடு வருவார், வண்ணம் பூசுகிறவர் ஏணியோடு வருவார், ஒன்றும் தெரியாதவர் மண் சுமப்பார். குலுக்கல் சீட்டு, நடன விருந்து, எண் அழைத்து ஆடும் ஹவுஸி என்று வருடம் முழுக்கப் பணம் திரட்ட ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். வருடத்துக்கொருமுறை பள்ளி மைதானத்தில் திருவிழாச் சந்தை. பின்னிய சட்டைகளும் ஜாம் பாட்டில்களும் மேசை மேசையாக அடுக்கியிருக்கும்.

லாமிங்டன் கேக் விற்பனையைத் தனியே சொல்ல வேண்டும். முதல் நாளே தட்டுத் தட்டாக ஸ்பாஞ்ச் கேக் வந்து இறங்கிவிடும். காலையில் தாய்மார்கள் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நீளமாக மேசை போட்டு நிற்பார்கள். முதலில் நிற்பவர் கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டுவார். அடுத்தவர் நீர்த்த சாக்லேட் குழம்பில் முக்கி எடுப்பார். சொட்டு வடிந்ததும் மூன்றாமவர் தேங்காய்த் துருவலில் புரட்டுவார். கடைசியில் நிற்பவர்கள் டஜன் கணக்கில் பெட்டியில் அடுக்குவார்கள். மதியத்துக்குள் கைவிரல் எல்லாம் சாக்லேட்டும் துருவலும் ஒட்டிக் கனத்துவிடும். பெட்டிகள் முன்கூட்டியே சொல்லி வைத்த வீடுகளுக்குப் போகும். ஒரு பெட்டியில் நிற்கும் லாபம் சில காசுகள்தான். அந்தக் காசில்தான் கரும்பலகை வாங்கினார்கள், கடனுக்கு வட்டி கட்டினார்கள். அந்த மேசையோரத்தில்தான் புதிதாக ஊருக்கு வந்தவர் பழையவரோடு அறிமுகமானார். யார் வீட்டில் வேலை போயிற்று, யாருக்குப் பிரசவம் நெருங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். பள்ளி பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. அதை நடத்திய உழைப்பு பெரியவர்களை ஒரு சமூகமாகக் கட்டியது. வரலாற்று நூல்களில் ஆயர்களின் பெயரும் பிரதமர்களின் பெயரும் இருக்கின்றன. இந்தத் தாய்மார்களின் பெயர்கள் இல்லை என்பது பெரிய குறை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ஏற்பாடு திணறத் தொடங்கியது. இத்தாலி, மால்டா, போலந்து, நெதர்லாந்து என்று கப்பல் கப்பலாக வந்திறங்கிய குடும்பங்களில் கத்தோலிக்கர் மிகுதி. போருக்குப் பிந்தைய பிறப்புப் பெருக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரே வகுப்பில் அறுபது, எழுபது பிள்ளைகள். சில இடங்களில் நூறையும் தொட்டது. கன்னியரின் எண்ணிக்கை அந்த வேகத்தில் உயரவில்லை. சம்பளத்துக்கு ஆசிரியர்களை அமர்த்தவேண்டி வந்தது. லாமிங்டன் விற்றுச் சம்பளம் கொடுத்து மாளுமா?

அரசு அறவே கண்டுகொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. 1950ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தின்படி பதின்மூன்று வயதுக்குட்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறு பாட்டிலில் மூன்றில் ஒரு பைன்ட் பால் இலவசம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் உண்டு. 1956ல் கான்பெராவில் சபைப் பள்ளிகள் கட்டடத்துக்கு வாங்கும் கடனின் வட்டியை ஏற்கவும் மத்திய அரசு சம்மதித்தது. கான்பெராவும் கோல்பர்னும் ஒரே உயர்மறைமாவட்டம். அங்கே கிடைத்தது இங்கே ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி கோல்பர்ன் பெற்றோருக்கு எழுந்ததில் வியப்பில்லை.

1962 ஜூலை 9 இரவு கூட்டம் கூடியது. துணை ஆயர் ஜான் கலினேன் முன்னிலையில் ஏறத்தாழ 700 பேர். பள்ளிகளை மூடிவிட்டுப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புவது என்ற தீர்மானம் சுமார் 500க்கு 120 என்ற வாக்கில் நிறைவேறியது. இதன் துணிச்சல் அன்றைய திருச்சபைச் சட்டம் தெரிந்தவருக்கே முழுமையாகப் புரியும். 1917ன் சட்டத் தொகுப்பு, ஆயரின் அனுமதியின்றிக் கத்தோலிக்கப் பிள்ளைகள் வேறு பள்ளிகளில் படிக்கக்கூடாது என்று தடுத்திருந்தது. மூன்று தலைமுறையாக எந்த வாசலை மிதிக்காதே என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்லப்பட்டதோ, அதே வாசலுக்குப் பிள்ளைகளை அனுப்ப ஆயரும் பெற்றோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். எதிர்த்து வாக்களித்த 120 பேரையும் மறந்துவிடக்கூடாது. பிள்ளையின் படிப்பைப் பேரம் பேசும் பொருளாக்கலாமா என்று ஒரு பெற்றோருக்குத் தோன்றினால் அது கோழைத்தனம் ஆகாது.

பல வாரங்கள் பூட்டிவைப்பதாகத்தான் திட்டம். நடந்தது ஒரே வாரம். கலவரமில்லை, கைதில்லை. பிள்ளைகள் தங்கள் பழைய வகுப்புகளுக்குத் திரும்பினார்கள். மாநில முதல்வர் ராபர்ட் ஹெஃப்ரனின் அரசு உடனே எதுவும் தந்துவிடவில்லை. ஆனால் கத்தோலிக்கப் பள்ளிகள் நாடெங்கும் ஒரு நாள் இப்படிப் பூட்டிக்கொண்டால் அரசுப் பள்ளிகளால் தாங்க முடியாது என்பது ஊரறிந்த கணக்காகிவிட்டது. கருணை கேட்கும் மனுவால் எண்பது ஆண்டுகளில் சாதிக்க முடியாததை அந்தக் கணக்கு சாதித்தது.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் பிரதமர் ராபர்ட் மென்சீஸ், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதமின்றி உயர்நிலைப் பள்ளிகளின் அறிவியல் கூடங்களுக்கு ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு தருவதாக அறிவித்து, 1963 நவம்பர் 30 வாக்கெடுப்பில் வென்றார். இத்தனைக்கும் அவர் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட், கட்சியும் புராட்டஸ்டன்ட் வாக்குகளில் வளர்ந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு விடிவு வரச் சற்றுப் பொறுக்கவேண்டியிருந்தது: 1970 முதல் தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 35 டாலர், உயர்நிலையில் 50 டாலர். 1973ல் பீட்டர் கார்மெல் குழுவின் அறிக்கை தேவைக்கேற்ற நிதி என்ற கொள்கையை நிறுவியது. வரிப்பணம் மதப் பள்ளிக்குப் போகலாமா என்று எதிர்த்தவர்களின் வாதத்திலும் வலு இருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 1981ல் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் உதவிக்குச் சாதகமாக முடிந்தது.

பணம் வந்ததும் பள்ளிக்கூடத்துப் பெற்றோரின் வேலை மாறியது. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் அறிவித்திருந்தது. கன்னியர் குறைந்து, சம்பள ஆசிரியர்கள் நிறைந்த வகுப்பறைக்குள் தாய்மார்கள் வந்து சிறு பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டார்கள். பள்ளிக் குழுக்களில் உட்கார்ந்து வரவுசெலவு பார்த்தார்கள். திருவிழாச் சந்தை நிற்கவில்லை. அதில் சேரும் பணம் கடன் வட்டிக்குப் போகாமல் நூலகப் புத்தகத்துக்கும் மைதானத்து நிழற்கூரைக்கும் போகிறது.

இன்று ஆஸ்திரேலிய மாணவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கிறார். ஆனால் 2007ல் நியூ சவுத் வேல்ஸ் ஆயர்கள் விடுத்த மடலில் ஒரு கவலை இருந்தது. ஏழைக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பள்ளிகளில் குறைந்துவருகிறார்கள், அவர்களில் பலர் படிப்பது அரசுப் பள்ளிகளில் என்று அவர்களே எழுதினார்கள். கட்டணச் சலுகை பல பள்ளிகளில் உண்டு. அதைக் கேட்கக் கூச்சப்படும் குடும்பத்திடம் போய்ப் பேசுவது, லாமிங்டன் மேசையோரத்தில் தானாக நடந்துவந்த காரியம். இப்போது அதை யாராவது முனைந்து செய்யவேண்டியிருக்கிறது. சில பங்குகளில் பெற்றோர் சங்கத்தார் செய்துகொண்டும் இருக்கிறார்கள்.