நாலாம் நம்பர் சாலையும் நம்ம ஊர் காதக்கல்லும்

போன மாசம் குடும்பத்தோடு பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போனோம். போர்ட் பிளேரிலிருந்து (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை) விடியற்காலையிலேயே கிளம்பி, ஜிர்காடாங் செக்போஸ்டில் கான்வாய்க்குக் காத்திருந்தபோதுதான் ஓரத்து மைல்கல்லைப் பார்த்தேன். தேசிய நெடுஞ்சாலை 4!

நமக்குத் தெரிந்த நாலு சென்னையிலிருந்து ராணிப்பேட்டை, பெங்களூர், புனே வழியாக மும்பை போகும். 2010-ல் எண்களை மாற்றியபோது, அதுவரை 223 ஆக இருந்த அந்தமான் சாலைக்கு இந்த நம்பர் வந்துவிட்டது. "நம்ம ரோடு நமக்கு முன்னாடியே டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வந்திருக்கு" என்றேன். தங்கமணி சிரிக்கவில்லை.

எனக்கு மைல்கல் என்றாலே எங்கள் தர்மபுரிதான். அங்கே கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதியமான் பெருவழியில் நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று தூரம் சொல்கிற கல். தாவளம் என்றால் வணிகர்கள் தங்கிச் சரக்கு விற்ற இடம். காதம் எத்தனை மைல் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை, அதை விடுங்கள். இதே வழியில் 27 காதம் சொல்லும் இன்னொரு கல்லும் கிடைத்திருக்கிறது.

29 காதக் கல்லில் எழுத்தும் எண்ணும் மட்டும் இல்லை. கீழே குழிகள் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இருட்டில் விரலால் தடவினாலும் தெரியும்!

எங்கள் வங்கிக் கவுன்டரில் தினமும் இதே கணக்குதான். நூறு ரூபாய் நோட்டில் முக்கோணம், ஐநூறில் வட்டம், மேடாக அச்சிட்டிருப்பார்கள், பார்வை இல்லாதவர்களுக்காக. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழிகள் ஞாபகம் வரும். எழுநூறு, எண்ணூறு வருஷம் முன்னாலேயே ஒருத்தர் யோசித்திருக்கிறார்.

கான்வாய் கிளம்பியது. இனி ஜாரவாக்களின் காடு. இந்தப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. வண்டிகள் இன்னும் போகின்றன, நாங்களும் போனோம். போட்டோ எடுக்கக்கூடாது, நிறுத்தக்கூடாது. கிலோமீட்டர் கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வரப்போகிறவர்களுக்குத்தான் தூரம் வேண்டும். காட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் யாரும் இந்தக் கணக்கைக் கேட்டிருக்க மாட்டார்கள். டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. 2017-லிருந்து பாராடாங்குக்குக் கடல் வழியும் இருக்கிறது. அதில் போயிருக்கலாம்.

"இந்தக் கல்லுல குழி இருக்காப்பா?" என்று மகள் கேட்டாள்.

இல்லை என்றேன். அடுத்த லீவுக்குத் தர்மபுரி போகும்போது, அந்தக் கல் முன்னால் நிறுத்தி அவளை எண்ணச் சொல்ல வேண்டும்.