மார்பகப் புற்றுநோய்: 'கரன்ட்' வைக்க 5 வாரம் கோவைக்குப் போகணுமா?

நீலகிரியில் உங்க அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்ததும் வீட்டில் எழும் கேள்வி, "கரன்ட் வைக்க எத்தனை நாள்?" என்பதுதான். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பலரும் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். ஊட்டியிலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய 85 கி.மீ. கூடலூர் என்றால் இன்னும் 50 கி.மீ. கூடுதல். தேயிலை பறிப்பவருக்கு அத்தனை நாள் கூலியும் போச்சு.

ஆனால், இப்போது அந்த நாள்கள் குறைந்திருக்கின்றன.

எவ்வளவு குறைவு?

* பழைய முறை: 5 வாரம், 25 சிட்டிங், மொத்தம் 50 கிரே (கதிர்வீச்சின் அளவு).
* 3 வார முறை: 15 சிட்டிங், 40 கிரே. பிரிட்டனின் 'ஸ்டார்ட்-பி' ஆய்வின் 10 ஆண்டு முடிவு 2013-ல் வந்தது. நோய் திரும்புவது அதிகமாகவில்லை, பக்கவிளைவும் குறைவு.
* 1 வார முறை: 5 சிட்டிங், 26 கிரே. 4,096 பேரிடம் நடந்த 'ஃபாஸ்ட்-ஃபார்வர்டு' ஆய்வின் 5 ஆண்டு முடிவு, 2020-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. நோயைக் கட்டுப்படுத்துவதில் 3 வார முறைக்கு இது சளைக்கவில்லை.

நம் நாட்டில், கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டரின் 'ஹைப்போர்ட்' ஆய்வும் இந்த இரண்டையும் ஒப்பிடுகிறது.

நாள் குறைந்தால் பலன் குறையாதா?

குறையாது. ஒவ்வொரு சிட்டிங்கிலும் கொடுக்கும் அளவு 2 கிரேயிலிருந்து 2.67, 5.2 என்று கூடுகிறது. மார்பகப் புற்றுசெல்கள் இப்படிக் கூடுதலாகத் தரும் அளவுக்கு நன்றாகவே கட்டுப்படுகின்றன. அதனால் மொத்த அளவைக் குறைக்க முடிகிறது.

எல்லோருக்கும் 5 நாளா?

இல்லை. அக்குள் நெறிகட்டிக்கும் கதிர்வீச்சு தேவைப்பட்டாலோ, மார்பகச் சீரமைப்பு செய்திருந்தாலோ டாக்டர் வேறு முறையைச் சொல்லலாம். இளம் வயதினருக்குக் கட்டி இருந்த இடத்தில் 'பூஸ்ட்' என்று சில சிட்டிங் சேரலாம்.

டாக்டரிடம் இதைக் கேளுங்க

* அம்மாவுக்கு 3 வாரமா, 1 வாரமா? ஏன்?
* பூஸ்ட் தேவையா?
* திட்டமிடும் ஸ்கேனுக்குத் தனியாக எப்போது வரணும்?
* தங்க இடம் கிடைக்குமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சும் உண்டு. அட்டையை முதல் நாளே காட்டுங்க. சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் பண்ணுங்க.

தூரத்துக்குப் பயந்து கதிர்வீச்சே வேண்டாம் என்று அம்மா சொன்னால், இந்த நாள்கணக்கைச் சொல்லுங்க. ஆரம்பித்த பிறகு பாதியில் மட்டும் நிறுத்த விடாதீங்க.