ஆள் வருமுன் பேர் வரும்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். ரமணாசிரமத்துக்கு வரும் வாசகர்கள் உள்ளே எட்டிப் பார்த்தால் கேட்கும் கேள்வி, "சோமர்செட் மாம் மயங்கி விழுந்தது எங்கே?"

1938இல் ஆங்கில எழுத்தாளர் மாம் இங்கே வந்தார். ரமண மகரிஷியைப் பார்க்கப் போகுமுன்பே மயக்கம் போட்டுவிட்டார். மகரிஷி இருந்த கூடத்துக்குப் போகத் தெம்பில்லை என்று தெரிந்ததும் ரமணரே எழுந்து வந்து, பேசாமல் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். நடந்தது இவ்வளவுதான். ஊரில் பரவியதோ வேறு கதை: தரிசனத்தை நினைத்த மாத்திரத்திலேயே மனுஷர் பரவசத்தில் விழுந்தாராம்! தமக்கு முன்பும் இப்படி மயக்கம் வந்ததுண்டு என்று மாம் பிற்பாடு எழுதினார். யார் காதில் ஏறியது? மகரிஷியின் பேருக்கு முன்னால் மயங்கியவரின் வாக்குமூலமே எடுபடவில்லை.

அந்தப் பேர் ஒரே நாளில் வந்ததல்ல. 1896 செப்டம்பர் 1 அன்று வந்து சேர்ந்த வேங்கடராமன் பதினாறு வயதுப் பையன். கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தருகே கிடந்தபோது சில பையன்கள் கல்லால் அடித்தார்கள். 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் அவருக்கு 'ரமண மகரிஷி' என்று பேர் வைத்தார். 1934இல் ஆங்கிலேய எழுத்தாளர் பால் பிரண்டனின் புத்தகம் அதைக் கடல் கடத்தியது. அதன்பின் வந்தவர்கள் மகரிஷியை மனசிலே வரைந்துகொண்டுதான் ரயில் ஏறினார்கள்.

பேரே போதும் என்று திரும்பியவரும் உண்டு. மாம் வந்த அதே பருவத்தில் உளவியல் அறிஞர் கார்ல் யுங் சென்னை வரை வந்தார், திருவண்ணாமலைக்கு வரவில்லை. ரமணரைப் பற்றி இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் சிம்மர் எழுதிய நூலுக்கு 1944இல் தந்த முன்னுரையில் யுங் சொன்ன சமாதானம்: அப்படிப்பட்டவரை இந்தியா எங்கும் பார்த்தாயிற்று. எனக்கு இது ஒப்பவில்லை. அவர் பார்த்தது தம் மனசிலிருந்த சாமியாரை.

ரமணரும் பேரைக் கேட்டு வந்தவர்தான். 1895இல் மதுரையில் உறவுக்காரர் ஒருவர் "அருணாசலத்திலிருந்து வருகிறேன்" என்று திருவண்ணாமலையின் இன்னொரு பேரைச் சொன்னது பையன் மனசில் தைத்தது. அவர் அந்தப் பேரோடு நிற்கவில்லை; வந்து மலையிலும் மலையடியிலுமாக 54 ஆண்டு இருந்து பார்த்தார்.

நினைத்தாலே முக்தி என்பது எங்கள் மலைக்குத்தான் பொருந்தும். மனிதரை நேரில்தான் பார்க்கவேண்டும்.