ஒரே அழைப்பு, இரண்டு அளவு: கைபேசிக் கதிர்வீச்சும் கவனமும் ஆண் பெண் வேறுபாடும்

கைபேசிக் கதிர்வீச்சு ஆண்களின் கவனத்தை ஒரு விதமாகவும் பெண்களின் கவனத்தை வேறு விதமாகவும் பாதிக்கிறது என்ற கூற்றின் மூலத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் ஏதென்ஸ் நகரத்து ஆய்வு ஒன்றில் போய் முட்டும். 2004இல் பாபகியோர்கியூ குழுவினர் 10 பெண்களையும் 9 ஆண்களையும் நினைவாற்றல் சோதனைக்கு உட்படுத்தி, 900 மெகாஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தி, மூளை மின்னலைகளைப் பதிந்தனர். ஆண்களிடம் மூளை மின்னலையின் ஆற்றல் குறைந்தது, பெண்களிடம் கூடியது. 2011இல் இதே குழு 15 ஆண்கள், 15 பெண்களிடம் வைஃபை அலையைக் கொண்டு சோதித்தபோது, கவனத்தோடு தொடர்புபடுத்தப்படும் பி300 என்ற மூளை அலை, வைஃபை பட்டபோது மட்டும் ஆண்களிடம் பெண்களைவிடக் குறைந்து காணப்பட்டது. இந்த ஆய்வுகளை எடுத்தாள்பவர்கள் பலர் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்: 2004 சோதனையில் நினைவாற்றல் மதிப்பெண் இரு பாலாரிடமும் மாறவே இல்லை. தலையில் வைத்த மின்வாயில் தெரிந்த வேறுபாடு செயலில் தெரியவில்லை.

பத்துப் பேரை வைத்துச் சொன்னது ஆயிரம் பேருக்குப் பொருந்துமா என்பது பழைய கேள்விதான். 2000இல் பின்லாந்தின் கொய்விஸ்டோ குழு, அலை பட்டவர்கள் விரைவாக எதிர்வினை காட்டினார்கள் என்றது. 2003இல் அதே ஆய்வாளர்கள் சிலரும் சேர்ந்து, இரு ஆய்வகங்களில், அலை ஓடுகிறதா இல்லையா என்பது சோதிப்பவருக்கும் தெரியாத முறையில் திரும்பச் செய்தார்கள். அந்த விளைவு வரவில்லை. அதே 2003இல் பிரிட்டனில் ஸ்மைத், காஸ்டால் இருவரும் கைபேசி அலை ஆண்களின் நினைவுக்கு உதவுகிறது, பெண்களுக்கு இல்லை என்று எழுதினார்கள். கெடுதல் தேடிய இடத்தில் உதவி கிடைத்தது வேடிக்கைதான். உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 2024இல் வெளியான தொகுப்பாய்வு, இத்தகைய சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, குறுகிய நேர அலை அறிதிறனைக் குறைப்பதாகச் சான்றில்லை என்ற முடிவுக்கு வந்தது. பல மின்வாய்களையும் பல நிலைகளையும் இரு பாலாரையும் பெருக்கிப் பார்த்தால், எங்காவது ஒரு வேறுபாடு தற்செயலாகவே தலைகாட்டும். ஏதென்ஸ் முடிவுகளை நான் அந்த எச்சரிக்கையோடுதான் வாசிக்கிறேன்.

ஆனால் என் வாதம் அங்கே முடியவில்லை. ஆய்வகத்தில் இரு பாலாருக்கும் ஒரே அளவு அலை தரப்படுகிறது. தருமபுரி மாவட்டத்து அரூரில் அப்படி யார் தருகிறார்கள்?

கைபேசி தன் ஆற்றலைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கருவி. டவர் அருகில் இருந்தால் மிகக் குறைவாக உமிழும். தொலைவில் இருந்தாலோ மலை மறைத்தாலோ உச்சத்துக்குப் போகும். 2ஜி பட்டன் போனுக்கு 900 மெகாஹெர்ட்ஸில் அந்த உச்சம் 2 வாட். 2004இல் ஸ்வீடனில் லோன் குழுவினர் அளந்தபோது, ஊர்ப்புறத்து அழைப்புகள் ஏறத்தாழ பாதி நேரம் உச்ச ஆற்றலில் ஓடின. நகரத்தில் கால் பங்கு நேரம்தான். அரூர்க் கடைவீதியில் நின்று பேசுபவருக்கும் சித்தேரி மலையில் 'டவர் கெடைக்கல' என்று மேட்டுப்பக்கம் நகர்ந்து பேசுபவருக்கும் உள்ள தூரத்தை இந்தக் கணக்கில்தான் அளக்க வேண்டும்.

இங்கே பாலினம் வேறு வழியாக நுழைகிறது. தருமபுரி மாவட்டத்து ஆண்கள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போவது புதிதல்ல. வீட்டையும் ஆட்டையும் மரவள்ளிக் காட்டையும் பார்த்துக்கொண்டு பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். இரவு அரைமணி நேரம் கணவனும் மனைவியும் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவன் தலைக்கு மேலேயே டவர். அவள் காதோரம் போன் முழு மூச்சில் உமிழ்கிறது. அழைப்பு ஒன்று, நிமிடங்கள் ஒன்று, அளவு மட்டும் இரண்டு. 'ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீர்கள்?' என்று மட்டும் கேட்கும் வினாநிரலில் இருவரும் சமம். பிறகு கவனச் சோதனையில் ஏதேனும் வேறுபாடு வந்தால், அது பெண் உடலின் இயல்பு என்று பதிவாகிவிடும்.

டவர் அச்சமும் இதே இடத்தில் தலைகீழாகிறது. 2012 செப்டம்பரில் இந்தியா டவர் அலைக்கான வரம்பை அனைத்துலக வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. கைபேசிக்கான எஸ்ஏஆர் (உடல் அலையாற்றலை உறிஞ்சும் வீதம்) வரம்பு ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டங்களுக்கு நகரத்திலிருந்து 'டவர் வேண்டாம்' என்ற மனு வரும். மலைக்கிராமத்திலிருந்து 'டவர் வேண்டும்' என்ற மனு வரும். தலைக்குள் புகும் அலையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், இரண்டாவது மனுதான் சரி.

கதிர்வீச்சைத் தவிரக் கவனத்துக்கு வேறு பகைகளும் உண்டு. 2015இல் ஸ்டோதார்ட் குழு காட்டியபடி, போனை எடுக்காவிட்டாலும் அதன் அறிவிப்பு ஒலியே கவனத்தைச் சிதைக்கிறது. மேசைமேல் அணைந்து கிடக்கும் போனும் சிந்தனையை உறிஞ்சுகிறது என்ற 2017 முடிவு மட்டும் இன்னும் சர்ச்சையில் உள்ளது. இந்தச் சிதறலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி இந்தியப் பெண்களில் 54 விழுக்காட்டினரிடம்தான் இருந்தது. மகனுடைய போனில் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் தாய்க்கு அறிவிப்பு ஒலியின் தொல்லை குறைவு. பேசும் நேரத்து அலையோ அதிகமாக இருக்கலாம். இவை இரண்டையும் பிரித்தறிய, பேசும் நேரத்தோடு சிக்னல் வலிமையையும் போனிலேயே பதிய வேண்டும். போன் யாருடையது என்றும் கேட்க வேண்டும். வெளியூர் போன ஆண்கள் பொங்கலுக்குத் திரும்பும் வாரத்தில் இரு பாலாரும் ஒரே டவரின் கீழ் வருகிறார்கள். கவனச் சோதனையை அந்த வாரம் ஒரு முறையும், அவர்கள் ஊரைவிட்டுப் போய்ச் சில மாதங்கள் கழித்து மறுமுறையும் வைத்தால் ஒப்பீட்டுக்கு வழி பிறக்கும்.