எழுதப்படாத கட்டளை: தொலைக்காட்சி அங்கதமும் அரசின் அழுத்தமும்

ஆள்வோரை எள்ளி நகையாடும் மரபு எவ்வளவு பழைமையானதோ, அதனை அடக்க முனையும் அதிகாரமும் அவ்வளவு பழைமையானது. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவர். முன்னையது வெளிப்படையாக வசை கூறுவது. பின்னையது சொல்லை மறைத்துப் பழியைப் புலப்படுத்துவது. இருபதாம் நூற்றாண்டில் இவ்விருவகை அங்கதமும் தொலைக்காட்சியை வந்தடைந்தன. ஆயின், புலவனுக்கு ஏடும் எழுத்தாணியும் போதுமாயிருக்க, தொலைக்காட்சிக் கலைஞனுக்கு அலைவரிசையும் அனுமதிப்பத்திரமும் பெருமூலதனமும் வேண்டியுள்ளன. இம்மூன்றையும் அரசின் கை எட்டக்கூடும். ஆதலால், தடைக்கட்டளை எதனையும் பிறப்பியாமலே ஒரு நிகழ்ச்சியை நிறுத்துவிக்க அரசுக்கு வழியுண்டு. கட்டளையே எழுதப்படாதவிடத்து, அரசின் அழுத்தத்தை வரலாற்று மாணவன் எவ்வாறு நிறுவுவது? ஐக்கிய அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் நிகழ்ந்த இரு சம்பவங்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1967 பெப்ரவரியில் அமெரிக்காவின் சீ.பீ.எஸ். நிறுவனம், ரொம் ஸ்மதர்ஸ், டிக் ஸ்மதர்ஸ் என்னும் சகோதரர்கள் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சியை ஞாயிறு இரவுகளில் ஒளிபரப்பத் தொடங்கியது. நாட்டார் பாடலும் வேடிக்கைப் பேச்சுமாக ஆரம்பித்த இந்நிகழ்ச்சி, வியற்நாம் போர் விரிவடைந்த அக்காலத்தில் இளைஞரது எதிர்ப்புணர்வுக்கு மேடையாயிற்று. நிறுவனத்தின் தணிக்கையாளருக்கும் சகோதரர்களுக்குமிடையே பூசல் ஓயவில்லை. நீண்ட காலமாகப் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களால் ஒதுக்கப்பட்டிருந்த பாடகர் பீற் சீகர் 1967 செப்ரெம்பரில் அழைக்கப்பட்டபோது, சனாதிபதி ஜோன்சனின் போர்க்கொள்கையைக் குறிப்பால் உணர்த்திய அவரது பாடல் வெட்டப்பட்டது. 1968 பெப்ரவரியிலேயே அதனைப் பாட இடமளிக்கப்பட்டது. அவ்வாண்டு சிக்காகோவில் நடைபெற்ற சனநாயகக் கட்சி மாநாட்டின்போது நிகழ்ந்த வன்செயற் காட்சிகளின் பின்னணியில் ஹரி பெலபொன்ரே பாடிய பாடலும் நீக்கப்பட்டது. அதனால் வெறுமையான நேரத்தில் நிக்சனின் தேர்தல் விளம்பரம் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

பெரிதும் எள்ளப்பட்டவரான ஜோன்சனோ, 1968 நவம்பரில் அச்சகோதரருக்கு எழுதிய கடிதமொன்றில், அங்கதத்துக்கு இலக்காதல் தலைமைப் பதவிக்குக் கொடுக்கவேண்டிய விலையின் ஒரு பகுதி எனப் பெருந்தன்மையுடன் கருத்துரைத்தார். 1969 ஜனவரியில் நிக்சன் பதவியேற்றார். அதே ஆண்டு மார்ச்சில், செனற் சபையின் தொடர்பாடல் உபகுழுவுக்குத் தலைமை வகித்த ஜோன் பஸ்ரோர் தொலைக்காட்சியின் ஒழுக்கநிலை குறித்து விசாரணை நடத்தினார். சீ.பீ.எஸ். போன்ற நிறுவனங்கள் நேரடியாக அனுமதிப்பத்திரம் பெறுவதில்லை. எனினும், அவற்றுக்குச் சொந்தமான ஒளிபரப்பு நிலையங்களின் அனுமதிப்பத்திரங்களைக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு அந்நாளில் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தது. நிறுவனத்தின் வருவாய் அந்நிலையங்களையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதை நோக்குமிடத்து, பாராளுமன்றத்தார் ஒருவரது கண்டனம் எத்துணை வலிமையுடையது என்பது புலனாகும்.

1969 ஏப்ரல் தொடக்கத்தில் சீ.பீ.எஸ். நிகழ்ச்சியை இரத்துச் செய்தது. அடுத்த பருவத்துக்கும் நிகழ்ச்சி தொடரும் என்று முடிவாகிச் சில வாரங்களே கழிந்திருந்தன. இணைநிலையங்கள் முன்கூட்டிப் பார்ப்பதற்கென நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு நாடா உரிய காலத்தில் ஒப்படைக்கப்படவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். சகோதரர்கள் வழக்குத் தொடுத்தனர். 1973 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் யூரிமார் சபை சீ.பீ.எஸ். நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியதெனக் கண்டு 776,300 டொலர் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு எதனை நிறுவுகின்றது என்பதை நாம் அவதானமாக நோக்குதல் வேண்டும். நிறுவனம் கூறிய காரணம் நிலைக்கத்தக்கதன்று என்பதை அது காட்டுகின்றது. வெள்ளை மாளிகை கட்டளையிட்டது என்பதை அது காட்டவில்லை. காலவரிசை ஐயத்தை எழுப்புகின்றது. ஆயினும் ஐயம் சான்றாகாது. அஞ்சிய நிறுவனம் ஆணை வரும்வரை காத்திராது தானே முந்திக்கொள்ளக்கூடும் என்பதும் இங்குக் கருதற்பாலது.

ருஷ்யாவில் நிகழ்ந்தது இதனின்றும் வேறுபட்டது. சோவியத் ஆட்சி மறைந்தபின் தோன்றிய தனியார் தொலைக்காட்சியான என்.ரி.வி., 1994 நவம்பர் முதல் 'பொம்மைகள்' என்னும் பொருள்படும் 'குக்ளி' நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அரசியல்வாதிகளின் சாயலில் அமைந்த பொம்மைகள் அதிற் பேசின. விக்ரர் ஷெண்டரோவிச் அதன் முதன்மை எழுத்தாளர். 1995 இல் சட்டமா அதிபர் அலுவலகம் நிகழ்ச்சிக்கெதிராகக் குற்றவியல் விசாரணையைத் தொடங்கிப் பின்னர் கைவிட்டது. யெல்ற்சின் காலம் முழுவதும் அவரது பொம்மை திரையில் உலாவியது.

2000 ஜனவரியில், ஜெர்மானிய எழுத்தாளர் ஹொப்மனின் கதையொன்றைத் தழுவி, பதில் சனாதிபதி புட்டின் குள்ளனாகச் சித்திரிக்கப்பட்டார். தேவதையின் மந்திரத்தால் அக்குள்ளன் ஊராரின் கண்ணுக்குப் பேரழகனாகத் தோன்றுவான். அடுத்த மாதம், புட்டின் பயின்ற சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பேராசிரியர் சிலர் கையொப்பமிட்டு, நிகழ்ச்சியை ஆக்கியோர்மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்கவேண்டுமெனக் கோரிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது. பல்கலைக்கழக மாணவராகிய நாம் இதனை எளிதிற் கடந்துசெல்ல இயலாது. அழுத்தம் எப்பொழுதும் அரச மாளிகையிலிருந்தே புறப்படுவதில்லை. அறிவுடையோரும் வலிந்து அதற்குக் கைகொடுப்பதுண்டு.

மே 7 ஆந் திகதி புட்டின் பதவியேற்றார். மே 11 ஆந் திகதி, என்.ரி.வி.யின் உரிமையாளர் குசின்ஸ்கியின் நிறுவன அலுவலகங்கள் ஆயுதந் தாங்கியோரால் சோதனையிடப்பட்டன. புட்டினின் பொம்மை இனித் தோன்றலாகாது என்பதும் அக்காலத்தில் விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் ஒன்றென ஷெண்டரோவிச் பின்னர் எடுத்துரைத்தார். அவர் அளித்த விடை, மே மாத இறுதியில் ஒளிபரப்பான 'பத்துக் கட்டளைகள்' என்னும் அங்கமாகும். அதிற் புட்டினின் பொம்மை இல்லை. சீனாய் மலையில் உருவங் காட்டாத இறைவனாகவே அவர் உணர்த்தப்பட்டார். செம்பொருளுக்கு வழி அடைபட்டவிடத்துப் பழிகரப்புப் பிறந்தது எனலாம்.

ஜூன் 13 ஆந் திகதி குசின்ஸ்கி கைதாகி மூன்று நாள் சிறையிருந்தார். ஜூலை 20 ஆந் திகதி, அரசின் கட்டுப்பாட்டிலிருந்த காஸ்புரொம் எரிவாயு நிறுவனத்துக்குத் தம் ஊடகத்தை விற்க உடன்பட்டுக் கையொப்பமிட்டார். அவ்வொப்பந்தத்தின் ஆறாம் இணைப்பு, அவர்மீதான குற்றவியல் வழக்கைக் கைவிடுவதுபற்றிக் கூறியது. அதில் பத்திரிகைத்துறை அமைச்சரின் கையொப்பமும் இருந்தது. விற்பனைப் பத்திரத்துள் குற்றவழக்கு இடம்பெற்றமை வியப்புக்குரியதன்றோ! வெளிநாடு சென்றபின் குசின்ஸ்கி அவ்வொப்பந்தத்தை ஏற்க மறுத்தார். எனினும், கடன்களைக் காரணங்காட்டி 2001 ஏப்ரலில் காஸ்புரொம் என்.ரி.வி.யைக் கைப்பற்றியது. ஷெண்டரோவிச் வெளியேறினார், 2002 இல் 'குக்ளி' நின்றது. 2004 மே மாதத்தில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், தடுப்புக்காவலை வணிகப் பேரத்துக்குக் கருவியாக்கியமை தவறெனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு முக்கிய சான்றாக அமைந்தது அந்த ஆறாம் இணைப்பேயாகும்.

இத்தீர்ப்பு பொம்மைகளைப் பற்றியதன்று, உரிமையாளரின் சுதந்திரத்தைப் பற்றியது. ஆயினும், அரசின் கையை ஓர் ஆவணத்திற் காணக்கூடியதாயிற்று. அமெரிக்க நிகழ்ச்சியில் நமக்குக் கிடைப்பவை காலவரிசையும் பொய்த்துப்போன ஒரு காரணமுமே. ருஷ்ய நிகழ்ச்சியில் இவற்றோடு எழுத்துச் சான்றும் சேர்கின்றது. முன்னையதை 'ஐயம்' என்றும் பின்னையதை 'நிறுவப்பட்டது' என்றும் கூறும் நேர்மை வரலாற்றாசிரியனுக்கு இன்றியமையாதது.

அண்மைய நிகழ்வொன்று இவ்வேறுபாட்டின் தேவையை வலியுறுத்துகின்றது. 2025 ஜூலை 17 ஆந் திகதி, அதே சீ.பீ.எஸ். நிறுவனம் ஸ்ரீபன் கோல்பேரின் இரவு நிகழ்ச்சியை 2026 மே மாதத்துடன் முடிப்பதாக அறிவித்தது. பணநெருக்கடியே காரணமென்றது. தாய் நிறுவனமான பரமவுண்ட், சனாதிபதி ட்ரம்ப் தொடுத்த வழக்கை 16 மில்லியன் டொலருக்குத் தீர்த்துக்கொண்டது அம்மாதத் தொடக்கத்திலேயாம். அத்தீர்வைக் கோல்பேர் தம் நிகழ்ச்சியில் இலஞ்சமெனச் சாடியது ஜூலை 14 ஆந் திகதி. அந்நிறுவனத்தின் இணைப்புக்கு ஆணைக்குழு அனுமதி வழங்கியது ஜூலை 24 ஆந் திகதி. காலவரிசை உரத்துப் பேசுகின்றது. ஆறாம் இணைப்பு ஒன்று உண்டா என்பதை ஆவணங்களே கூறவேண்டும்.

எனவே, அங்கதம் நிறுத்தப்பட்ட வரலாற்றை எழுதப் புகுவோன் தடைக்கட்டளையைத் தேடிக் காணாது 'அழுத்தம் இல்லை' என முடிவுகட்டுதலும் தவறு. காலப்பொருத்தம் ஒன்றையே கண்டு 'அழுத்தம் உண்டு' எனச் சாதித்தலும் தவறு. அனுமதிப்பத்திரம் எவர் கையில் இருந்தது, கடன் எவருக்கு உரியது, கூறப்பட்ட காரணம் பிறருக்கும் ஒப்பப் பிரயோகிக்கப்பட்டதா என்பவற்றை அவன் வினவுதல் வேண்டும். ஆட்சியாளர் கட்டளையை எழுதாது விடலாம். ஆனால், வணிகர் ஒப்பந்தங்களை எழுதியே தீரவேண்டும். சிரிப்பு எவ்வாறு அடக்கப்பட்டது என்பதற்கான விடை அவ்வொப்பந்தங்களிடையே கிடக்கக்கூடும்.