அறையின் ஒளியும் கருவியின் ஒளியும்: உள்ளரங்க ஒளிப்படத்தில் பிளாஷின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மூடிய அறைக்குள் எடுக்கப்பட்ட பழைய ஒளிப்படங்களை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்துவோர், படத்தில் காணும் இருளை அவ்வறையின் இருளாகவே கொள்வதுண்டு. அவ்விருளின் ஒரு பகுதி பிளாஷ் ஒளியால் உண்டானது. 1887 முதல் 1988 வரை செயற்கை ஒளிக்கும் சூழல் ஒளிக்கும் இடையே இருந்த உறவு மாறிவந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிளாஷ், சூழல் ஒளி, மக்னீசியம், ஜேக்கப் ரீஸ், சுப்ரதா மித்ரா

மக்னீசியமும் மண்ணெண்ணெய் விளக்கும்

1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோஹானஸ் கெடிக்கே ஆகிய இருவரும் மக்னீசியப் பொடியுடன் உயிர்வளி தரும் உப்பைக் கலந்து, நொடிப்பொழுதில் எரியும் ஒளிப்பொடியை உருவாக்கினர். இச்செய்தியை நாளிதழில் படித்த நியூயார்க் இதழாளர் ஜேக்கப் ரீஸ், நகரின் நெருக்கடியான குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்து படமெடுக்க அதனைக் கைக்கொண்டார். முதலில் துப்பாக்கி போன்ற கருவியில் பொடியை வெடித்தவர், மக்கள் அஞ்சி ஓடியதால் பின்னர் வாணலியில் வைத்துக் கொளுத்தினார். தாம் படமெடுத்த வீடுகளில் தீப்பிடித்த நிகழ்வுகளையும் அவரே பதிவுசெய்துள்ளார்.

பேயார்ட் தெருவில் ஓரிடத்திற்கு ஐந்து சென்ட் வாடகையில் தங்கியோரை அவர் எடுத்த படம் பெரும்புகழ் பெற்றது. அதே காட்சியை 1890இல் வெளிவந்த தம் நூலில் எழுத்தாலும் விவரிக்கிறார்: பதின்மூன்று அடிக்கும் குறைந்த அகலமுள்ள அறையில் பன்னிரண்டு பேர், மங்கலாக எரியும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. எழுத்தில் இவ்விளக்குக்கு இடமுண்டு. படத்தின் ஒளியிலோ அதற்குப் பங்கில்லை. உறங்கி எழுந்தோரின் முகங்களில் விழுவது கேமரா இருக்கும் திசையிலிருந்து வந்த வெளிச்சமே. ஆகவே ரீஸின் உரைநடையும் ஒளிப்படமும் ஒரே அறையின் இருவேறு ஒளிநிலைகளைப் பதிவுசெய்தவை. ஒன்றை மற்றொன்றின் சான்றாக வைப்பதில் ஆய்வாளருக்கு எச்சரிக்கை தேவை.

இதனை ரீஸின் தேர்வு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. அக்காலக் கண்ணாடித் தகடுகள் மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியைப் பதிவதற்கு நெடுநேரம் தேவைப்பட்டது. அத்தனை நேரம் உயிருள்ள மனிதர் அசையாதிருத்தல் இயலாது. பொருளின் உணர்திறன் குறைவாக இருந்தவரை, அறையின் ஒளியைக் காப்பது என்ற வினாவே எழவில்லை.

பிளாஷை விலக்கியோர்

1924இல் டிரெஸ்டன் நகரின் எர்னமான் நிறுவனம் எஃப் 2 அளவுள்ள வில்லையுடன் எர்மனாக்ஸ் கேமராவை வெளியிட்டபோது அவ்வினா எழுந்தது. வழக்கறிஞர் கல்வி பெற்ற எரிக் சாலமன், இக்கருவியைக் கொண்டு நீதிமன்றங்களிலும் பன்னாட்டு மாநாடுகளிலும் அங்கிருந்த விளக்கொளியிலேயே படமெடுத்தார். அவர் படங்களில் மேசைவிளக்கு மேசைவிளக்காகவே ஒளிர்கிறது. ஆனால் அமைச்சர்கள் சோர்ந்து சாய்ந்திருக்கும் அறைகளில் மின்விளக்குகள் இருந்தன. ரீஸ் நுழைந்த அறைகளில் அவை இல்லை. சூழல் ஒளியின் அழகியலுக்குப் பின்னால் வசதியின் வரலாறும் உண்டு என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

1929இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த பிளாஷ் பல்பு புகையையும் தீயச்சத்தையும் நீக்கியது. எனினும் செய்தியாளர் அதனைக் கேமராவின் பக்கத்திலேயே பொருத்தி நேராக எறிந்தனர். வெளுத்த முகம், சுவரில் கூர்மையான நிழல், கறுத்த பின்புலம் ஆகியவை செய்திப்படத்தின் அடையாளமாயின.

கல்கத்தாவில் ஒரு வெண்துணி

மூன்றாவது வழி ஒன்றைத் திரைப்படத்துறை காட்டியது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்திற்காகக் காசி வீட்டின் முற்றம் கல்கத்தா அரங்கினுள் பன்சி சந்திரகுப்தாவால் அமைக்கப்பட்டது. திறந்த வானிலிருந்து இறங்கும் நிழலற்ற பகலொளி அங்குத் தேவை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்தின் மேல் வெண்துணியை விரித்து, விளக்குகளை அதன்மீது செலுத்தி, தெறித்து வரும் ஒளியால் காட்சியை ஒளியூட்டினார். அது தொடரொளி, பிளாஷ் அன்று. ஆயினும் கூரையில் பட்டுத் திரும்பும் பிளாஷின் இயல்பும் இதுவே. நேரடி பிளாஷிலிருந்து 1 மீட்டரில் இருப்பவர் பெறும் ஒளியில் 16இல் ஒரு பங்குதான் 4 மீட்டரில் உள்ள சுவரைச் சேரும். தெறித்த ஒளி பரந்த பரப்பிலிருந்து நெடுந்தொலைவு கடந்து வருவதால் முன்னவருக்கும் சுவருக்கும் இடையிலான வேறுபாடு வெகுவாகக் குறைகிறது.

இரண்டு பதிவுகள்

எம்.ஐ.டி.யில் ஹரால்ட் எட்ஜர்டன் 1930களில் வளர்த்தெடுத்த மின்னணு பிளாஷ், கையடக்கக் கருவியாகப் பரவிய பின்னரே இச்சிக்கல் கணக்காக மாறியது. அதன் ஒளி ஏறத்தாழ 1/1000 நொடி அல்லது அதனினும் குறைவாகவே நிலைக்கும். எனவே ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தாலும் 1/15 நொடி திறந்திருந்தாலும் பிளாஷ் தரும் பதிவு மாறாது. அறையின் ஒளி மட்டுமே கூடும் அல்லது குறையும். துளையின் அளவோ இரண்டையும் பாதிக்கும். ஒரே படத்தில் இரண்டு பதிவுகள் நிகழ்கின்றன என்பதே இதன் பொருள். அறை ஒளிக்கு எஃப் 2.8, 1/30 நொடி தேவைப்படும் இடத்தில் எஃப் 8, 1/60 நொடி வைத்து பிளாஷ் அடித்தால், சூழல் ஒளி தேவையானதில் 16இல் ஒரு பங்காகச் சுருங்கும். விருந்து மண்டபம் குகையாவது இவ்வாறே. டங்ஸ்டன் விளக்கின் மஞ்சளும் பிளாஷின் வெண்மையும் வண்ணப்படத்தில் மோதுவது தனிச்சிக்கல்; பிளாஷின் முன் ஆரஞ்சு நிறத் தாளை ஒட்டுவது அதற்கான எளிய தீர்வு.

1975இல் ஒலிம்பஸ் ஓ.எம்-2 கேமரா, படச்சுருளின்மீது பட்டுத் தெறிக்கும் பிளாஷ் ஒளியைக் கேமராவினுள்ளேயே அளந்தது. 1988இல் நிக்கான் எஃப்-801 சூழல் ஒளியுடன் பிளாஷைச் சமன்செய்யும் கணக்கைத் தானே மேற்கொண்டது. இருப்பினும் பல கேமராக்களின் தானியங்கி முறை, கைநடுக்கத்தால் படம் கலங்காதிருக்க, பிளாஷ் இயங்கும்போது ஷட்டரை 1/60 நொடிக்குக் கீழ் இறங்கவிடுவதில்லை. மெதுவான ஷட்டரைப் பயனர் தனியே தேர்ந்தாக வேண்டும். 1990களின் குடும்ப ஆல்பங்களில் மணமக்களுக்குப் பின்னால் மண்டபம் கறுத்திருப்பதற்கு இத்தொழிற்சாலை அமைப்பு ஒரு முதன்மைக் காரணம்; அன்று அம்மண்டபத்தில் எரிந்த விளக்குகளின் எண்ணிக்கையை அப்படங்களைக் கொண்டு மதிப்பிட இயலாது.